மூளைக்குள் கரண்ட் விட்டு என்ன கேட்டார்கள்?

“மண்டைக்குள்ள கரண்ட் விட்டவங்களாமே, நோகல்லையா?” வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க மூளைக்குள் கம்பி வைத்துச் சோதித்து, மட்டக்களப்புச் செட்டிபாளையத்துக்குத் திரும்பிய பிறகு என்னைக் கண்டவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது இதைத்தான். நோகவில்லை. தோலும் எலும்பை மூடிய சவ்வும் நோகும். மூளைக்கு நோவு தெரியாது. அங்கே வலியை உணரும் நரம்பு நுனிகள் இல்லை. உள்ளே இருந்த கம்பிகளை விட, தலையைச் சுற்றிக் கட்டியிருந்த பண்டேஜின் கடிதான் எனக்குப் பெரிய உபத்திரவம்.

இரண்டாவது கேள்வி, “அப்ப ஷொக் வச்சவங்களா?” அது வேறு, இது வேறு. மனநோய்க்குக் கொடுக்கும் ஷொக் சிகிச்சையில் ஆளை மயக்கிவிட்டு, தலைக்கு வெளியே இருந்து கரண்ட் கொடுத்து, வேண்டுமென்றே ஒரு வலிப்பை உண்டாக்குவார்கள். எனக்குச் செய்ததில் நான் முழு விழிப்போடு கட்டிலில் சாய்ந்திருந்தேன். மூளைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு சிறு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மட்டும் சில மில்லிஅம்பியர் கரண்ட், அதுவும் சில செக்கன்களுக்கு. அது வைத்தியம் அல்ல, மூளையிடம் கேள்வி கேட்கும் ஒரு முறை. பதில் சொல்ல வேண்டியவர் நோயாளி. இது முன்கூட்டியே விளங்கியிருந்தால் பாதிப் பயம் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் வலிப்பு ஆட்கள் நினைக்கிற மாதிரி விழுந்து உதறுகிற வலிப்பு அல்ல. அடிவயிற்றில் இருந்து ஏதோ ஒன்று கிளம்பி நெஞ்சுக்குழிக்கு ஏறும். இருக்கிற இடம், கேட்கிற பேச்சு எல்லாம் முந்தியே நடந்தது போல இருக்கும். அதுவரைதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை மனிசி சொல்லித்தான் அறிவேன்: ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேனாம், வெறும் வாயை மெல்லுவேனாம், வலது கை விறைத்துக் கிடக்க இடது கை சாரத்தின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருக்குமாம். ஒன்று ஒன்றரை நிமிடத்தில் தெளிந்துவிடுவேனாம்.

அவள் கவனித்த இன்னொரு விசயம்தான் பிறகு டொக்டர்மாருக்குப் பெரிதாக உதவியது. தெளிந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு எனக்குப் பேச்சு ஒழுங்காக வராது. கண்ணால் அவளைத் தேடுவேன், பெயர் சொல்லமாட்டேன். தண்ணீர்ச் செம்பைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டால் கையால் குடிப்பது போலக் காட்டுவேன். வலிப்புக்குப் பின் பேச்சு தடங்கினால், பெரும்பாலும் அது பேச்சைத் தாங்குகிற பக்கத்தில், அநேகம் பேருக்கு இடது பக்கத்தில், தொடங்குகிறது என்று அர்த்தம். விறைத்த வலது கையும் அதே பக்கத்தைத்தான் காட்டியதாம். ஸ்கான் எடுக்கும் முன்பே ஒரு குசினிச் செம்பு சொல்லிவிட்ட செய்தி இது. உங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி வந்தால் போனில் வீடியோ எடுங்கள். வலிப்பு முடிந்தும் நிறுத்தாதீர்கள். தெளிகிற நேரத்தில் இரண்டு மூன்று சாமான்களைக் காட்டிப் பெயர் கேளுங்கள், “கையைத் தூக்கு” என்று சொல்லிப் பாருங்கள். முதல் பத்து செக்கனும் கடைசி இரண்டு நிமிடமும்தான் டொக்டருக்கு வேண்டும். நடுவில் நடப்பது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஊரில் இதை வலிப்பென்று யாரும் நம்பவில்லை. கண்ணகி அம்மன் சடங்கு நடந்த நாள் ஒன்றில் கோயில் வாசலில் வந்தபோது, தெய்வம் வரப்போகிறது என்று பக்கத்தில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்களாம். அம்மா கட்டாடியாரிடம் நூல் கட்டுவித்தா, தண்ணீர் ஓதிக் குடித்தேன். அந்த நூலை அறுக்கச் சொல்லி எந்த டொக்டரும் சொல்லவில்லை. குளிசையை மட்டும் ஒரு நேரமும் தவறவிடாதே என்றார்கள். இரண்டும் கையில் இருந்தன. அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டி வரவில்லை. கையில் திறப்புக் கோர்வையைத் திணிப்பதையும் வாய்க்குள் கரண்டி வைப்பதையும் மட்டும் மனிசி கண்டிப்பாக நிற்பாட்டினாள். பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து மணிக்கூட்டைப் பார்த்தால் போதும். 5 நிமிடம் தாண்டினால் 1990க்கு அடித்து அம்புலன்ஸை எடுங்கள்.

மட்டக்களப்புக் கிளினிக்கில் முதல் குளிசை, பிறகு அதோடு இரண்டாவது, பிறகு மாற்றி மூன்றாவது. ஒவ்வொன்றையும் மெல்ல மெல்லக் கூட்டிப் பார்த்தார்கள். வலிப்பு குறையும், நிற்காது. உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தால் முழுதாக அடங்குவதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த இடத்தில், “சத்திரசிகிச்சைக்கு நான் பொருத்தமானவனா என்று பார்க்கலாமா டொக்டர்?” என்று நீங்களே கேட்க வேண்டும். கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவர்களாக அதை எடுத்துப் பேச நேரம் இருக்காது. 2001இல் கனடாவில் 80 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று வந்தது. மூளையில் காதுப் பக்கமாக இருக்கிற நெற்றிப்பொட்டு மடலில் வலிப்புத் தொடங்குகிறவர்களில் ஒரு பாதிக்குச் சத்திரசிகிச்சை, மறு பாதிக்கு மருந்து மட்டும். ஒரு வருடத்தில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் சத்திரசிகிச்சைப் பக்கம் 58 வீதம், மருந்துப் பக்கம் 8 வீதம். இந்தக் கணக்கை எனக்குச் சொன்னது கொழும்பில் பார்த்த நரம்பியல் டொக்டர். வரும் வழியில் உதயதேவியில் இருந்து அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வெட்டுவதென்றால் எங்கே வெட்டுவது என்று தெரிய வேண்டும். என் எம்.ஆர்.ஐ. ஸ்கானில் தெளிவான வடு ஒன்றும் இல்லை. தலைக்கு வெளியே ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிந்து பார்த்த ஈ.ஈ.ஜி. இடது பக்கம் என்று காட்டியது, இடது பக்கத்தில் எங்கே என்று காட்டவில்லை. அதற்குத்தான் கம்பிகளை உள்ளே வைத்துப் பார்க்கும் முறை. பாரிஸில் தலைராக், பாங்கோ என்ற இரண்டு டொக்டர்மார் 1950களின் கடைசியில் உருவாக்கியது, எஸ்.ஈ.ஈ.ஜி. என்பார்கள். எங்களைக் கேரளாவில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். இந்தியாவுக்கு நோயாளிக்கு மருத்துவ விசா, கூடப் போகிறவருக்கு உதவியாளர் விசா என்று தனித்தனியாக இருக்கிறது. சுற்றுலா விசாவில் போய் வைத்தியம் பார்க்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளைகள் சின்னது என்பதால் மனிசி வரவில்லை, அவளுடைய அண்ணன் வந்தார். மச்சான் ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்கி, டொக்டர் சொல்வது, மிஸ் (தாதி) சொல்வது, நான் கட்டிலில் உளறியது எல்லாம் எழுதினார். நான் இங்கே எழுதுவதில் பாதி அந்தக் கொப்பிதான்.

கம்பி வைத்தது முழு மயக்கத்தில். தலைமயிரை வழித்து, எலும்பில் ஈர்க்கு நுழையுமளவு சின்னத் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி. கம்பியின் தடிப்பு 0.8 மில்லிமீற்றர். அதன் நீளத்துக்கு வரிசையாக 2 மில்லிமீற்றர் நீளமுள்ள உலோகப் பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு காது மாதிரி. மூளையின் மேல்தட்டிலும் கேட்கும், ஆழத்திலும் கேட்கும். உள்ளே இரத்தக் கசிவு வரும் ஆபத்து நூறில் ஒருவர் அளவு என்று கையெழுத்து வாங்கும்போது சொன்னார்கள். சிறிய எண்தான். ஆனாலும் அந்த ஒருவர் நாமாக இருக்கலாம் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும்.

பிறகு காத்திருப்பு. கம்பிகள் எல்லாம் ஒரு பெட்டிக்குப் போகும், கமெரா இரவு பகலாக ஓடும், குளிசையைக் குறைப்பார்கள். ஊரில் இருக்கும்போது வலிப்பு வரக்கூடாது என்று நேர்த்தி வைப்போம். இங்கே ஏன் இன்னும் வரவில்லை என்று மச்சான் கவலைப்பட்டார். வந்தது. வந்தவற்றைப் பதிவுசெய்தார்கள். இதை நீட்ட ஒன்றும் இல்லை.

கரண்ட் பரிசோதனை அதற்குப் பிறகுதான். ஒரு டொக்டர் கணினிக்கு முன்னால், இன்னொருவர் என் முகத்துக்கு நேரே கதிரையைப் போட்டுக்கொண்டு. இதற்கு முதல் நாளே பேச்சுப் பரிசோதகர் ஒருவர் படங்கள் நிறையக் காட்டி நான் எதற்கு என்ன பெயர் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டு போயிருந்தார். அவர் மலையாளி, நான் மட்டக்களப்பான். கதிரை, திறப்பு, சவுக்காரம் என்று நான் சொன்னதை அப்படியே சரியான விடையாகக் குறித்தார். நான் தயங்கிய படங்களை அடுக்கில் இருந்து எடுத்துவிட்டார். இல்லையென்றால் மறுநாள் நான் தடுமாறும்போது அது கரண்டாலா, சொல் தெரியாததாலா என்று பிரிக்க முடியாது. உங்களுக்கு அந்த முன்னோட்டம் செய்யவில்லை என்றால் கேட்டுச் செய்வியுங்கள்.

முதலில் மாதங்களைச் சொல்லச் சொன்னார்கள். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. அதோடு நின்றுபோனேன். அடுத்தது ஆனி என்று எனக்குத் தெரியும். நாக்கு அசைகிறது, மூச்சு இருக்கிறது, சொல் மட்டும் வெளியே வரவில்லை. எதிரே இருந்த டொக்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டை நிறுத்தியதும் ஆனி, ஆடி, ஆவணி எல்லாம் ஒன்றாகக் கொட்டின. மச்சான் சிரித்துவிட்டார், பிறகு வெளியே போய் அழுததாகக் கொப்பியில் எழுதவில்லை, மிஸ்தான் சொன்னா.

அடுத்த கம்பியில் படங்கள். குடை ஒன்றைக் காட்டினார்கள். அது என்ன, எதற்கு, யாரிடம் இருக்கிறது எல்லாம் தெரியும். “மழைக்குப் பிடிக்கிறது, என்ட மனிசிட்ட பூப்போட்டது ஒண்டு இருக்கு” என்று முழு வசனமே சொன்னேன். பெயர் மட்டும் இல்லை. பேச்சு ஓடுகிறது, பெயர் பிடிபடவில்லை. காதுக்கு உட்பக்கமாக, மூளையின் நெற்றிப்பொட்டு மடலின் அடிப்பக்கத்தில் இருக்கிற புள்ளி அது. மாதங்கள் நின்ற இடம் வேறு, குடை தொலைந்த இடம் வேறு. அந்த இரண்டு இடங்களையும் படத்தில் சிவப்பால் குறித்தார்கள்: இங்கே கை வைக்கும் முன் யோசிக்க வேண்டும்.

இந்தக் கேள்வி கேட்கும் முறை பழையது. மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் 1930களில் இருந்தே மண்டையைத் திறந்து, ஆள் விழித்திருக்க, மூளையின் மேற்பரப்பைக் கரண்டால் தொட்டுத் தொட்டுக் கைக்கு எது, முகத்துக்கு எது என்று வரைந்தார். சிலருக்குப் பழைய பாட்டும் பேச்சும் கேட்டதாம். அதை வைத்து, மூளையில் எல்லா ஞாபகமும் ஒலிநாடா போலப் பதிந்து கிடக்கிறது என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. அவருடைய நோயாளிகளிலும் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் அப்படி வந்தது. எனக்குப் பாட்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று வந்தது. ஆழத்தில் இருந்த ஒரு கம்பியில் கரண்டைக் கூட்டியபோது அடிவயிற்றில் அது கிளம்பியது. அதே ஏற்றம், அதே ‘முந்தி நடந்ததுதானே’ என்ற உணர்வு. “வழக்கமா வாறதா?” என்று கேட்டார்கள். வழக்கமானதுதான். இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் விடைதான் கனக்கத் தீர்மானிக்கும். கரண்ட் கொடுத்தால் வழக்கத்தில் இல்லாத வலிப்பும் வரக்கூடும். அதை உண்மையானது என்று எடுத்தால் டொக்டர்மார் பிழையான இடத்துக்குப் போய்விடுவார்கள். மார்செய் நகரத்தில் பார்த்தொலொமெயும் குழுவினரும் 2004இல் எழுதியிருக்கிறார்கள்: ஞாபகத்துக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை விட அதை ஒட்டிய உட்புற மூளைப் பட்டையைத் தூண்டும்போதுதான் இந்த ‘முந்தி நடந்தது’ உணர்வு அதிகம் வருகிறதாம். எனக்கும் ஏறக்குறைய அந்த அக்கம்பக்கம்தான்.

நம்மட ஆட்களுக்கு ஒரு குணம், டொக்டர் முகம் வாடக்கூடாது. “ஏதாவது தெரியுதா?” என்று கேட்டால் ஒன்றும் தெரியாவிட்டாலும், “ஓம் டொக்டர், கொஞ்சம் ஒரு மாதிரி” என்று சொல்லத் தோன்றும். எனக்கும் நாக்கு நுனியில் அது இருந்தது. அதற்காகவே இடையிடையே கரண்டே விடாமல் “இப்ப?” என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். அதுவும் படத்தில் ஒரு புள்ளிதான். வலிப்புக்கு முன் வரும் உணர்வை வீட்டில் இருக்கும்போதே உங்கள் சொல்லில், நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் பத்துப் பேர் பார்க்கும்போது சொல்லத் தேடினால் டொக்டர் எடுத்துக் கொடுக்கிற சொல்லைத்தான் பிடித்துக்கொள்வோம்.

பேச்சை நிறுத்திய கரண்ட் செக்கனுக்கு 50 தடவை துடிப்பது. இன்னொரு நாள் செய்தது முற்றிலும் வேறு: செக்கனுக்கு ஒரு தட்டு. ஒரு புள்ளியில் ஒரு தட்டு, பிறகு இன்னொரு தட்டு, முப்பது நாற்பது தரம். பிறகு அடுத்த புள்ளி. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மணித்தியாலக் கணக்கில் நீண்டது, நான் இடையில் நித்திரையும் கொண்டேன். நித்திரை கொண்டாலும் பரவாயில்லை என்றார்கள். இதில் கேள்வி என்னிடம் இல்லை, மூளையின் மற்ற இடங்களிடம்.

நான் நீர்ப்பாசனத்தில் வேலை செய்கிறவன், எனக்கு இது இப்படித்தான் விளங்கியது. உன்னிச்சைக் குளத்தின் துருசு ஒன்றைத் திறந்தால் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நேரத்தில் தண்ணீர் போகும், எந்த வயல் வட்டைக்குப் போகவே போகாது என்று தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை சொல்வார். வரைபடம் பார்த்துச் சொல்கிறதில்லை, திறந்து பார்த்தே சொல்வார். ஸ்கானில் நரம்புக் கட்டுகள் ஓடும் பாதையை வரைந்து காட்டலாம். எந்தப் பக்கத்தில் இருந்து எந்தப் பக்கத்துக்குச் செய்தி போகிறது என்று அதில் தெரியாது. ஒரு புள்ளியில் தட்டி, மற்றக் கம்பிகளில் எங்கே அலை எழும்புகிறது என்று பார்த்தால் தெரியும். தட்டிய 10 முதல் 50 மில்லிசெக்கனுக்குள் முதல் அலை. அதற்குப் பின்னால் மெதுவான இரண்டாவது ஒன்று. தனி ஒரு தட்டில் அலை மற்ற இரைச்சலுக்குள் மறைந்துவிடும், அதனால்தான் பல தரம் தட்டிச் சராசரி எடுக்கிறார்கள். இங்கிருந்து அங்கே போகும் அலை அங்கிருந்து இங்கே திரும்பி வராமலும் இருக்கலாம்.

மனிதரில் இதை ஒழுங்காகச் செய்து பேச்சுப் பகுதிகள் இரண்டு ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபட்டிருக்கின்றன என்று மற்சுமோட்டோவும் குழுவினரும் 2004இல் காட்டினார்கள். இலண்டனில் வலென்ரினும் மற்றவர்களும் 2002இல் இன்னொன்று கண்டார்கள்: வலிப்புத் தொடங்கும் இடங்களில் தனித் தட்டுக்கு வழக்கமான அலைக்குப் பிறகு, தாமதமாக, ஒழுங்கில்லாத மறுமொழி ஒன்று வரலாம். பிரான்சில் கிறெனோபிள் நகரத்தில் இப்படியான பதிவுகளைப் பல நூறு நோயாளிகளிடம் இருந்து சேர்த்து மனித மூளைக்கான இணைப்பு வரைபடம் செய்திருக்கிறார்கள். உயிரோடிருக்கும் மனிதரின் மூளைக்குள் கம்பி வைத்துப் பார்க்க வைத்தியத் தேவையைத் தவிர வேறு நியாயம் இல்லை. ஆய்வுக்காக மட்டும் யாருடைய மண்டையிலும் துளை போட முடியாது. எங்களைப் போன்றவர்களுக்கு எப்படியும் வைக்க வேண்டி இருப்பதால்தான் இந்த அறிவு கிடைக்கிறது.

அதனாலேயே ஒப்புதல் பத்திரம் இரண்டாக இருக்க வேண்டும். ஒன்று வைத்தியத்துக்கு, மற்றது ஆய்வுக்கு. என்னிடம் இரண்டையும் ஒரே பைலில் வைத்து நீட்டினார்கள். மச்சான்தான் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, “இது எதுக்கு டொக்டர்?” என்று கேட்டார். ஆய்வுக்கு மறுத்தால் வைத்தியத்தில் ஒன்றும் குறையாது, பாதியில் வேண்டாம் என்றாலும் விட்டுவிடலாம், பதிவில் பெயர் இருக்காது. இந்த மூன்றையும் வாயால் சொல்லவைத்த பிறகே நான் கையெழுத்து வைத்தேன். மறுத்திருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். களைப்பாக இருந்த ஒரு பின்னேரம் ஆய்வுப் பகுதியை அடுத்த நாளுக்குத் தள்ளச் சொன்னேன், தள்ளினார்கள்.

கடைசியில் டொக்டர் ஒரு படத்தைக் காட்டினார். வலிப்புத் தொடங்கும் இடம் ஒரு நிறம், செக்கன்களில் அது பரவும் வழி இன்னொரு நிறம், பேச்சுக்கு வேண்டிய இடங்கள் சிவப்பு. அதுவரை நான், எங்கோ ஒரு பழுதான புள்ளி இருக்கிறது, அதைத் தோண்டி எடுத்தால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பழுது ஒரு வலையில் இருந்தது; புள்ளி அதன் வாசல் மட்டும். வலை முழுவதையும் வெட்ட முடியாது, வெட்டவும் தேவையில்லை. வாசலையும் அதை ஒட்டிய சில தொடர்புகளையும் எடுத்து, குடை தொலைந்த இடத்துக்கு முன்னால் நிறுத்துவது என்று முடிவானது. கம்பிகளைக் கழற்றி, ஊருக்கு வந்து, பிறகு திரும்பிப் போய்ச் செய்துகொண்டேன்.

நினைவு தப்பும் வலிப்பு அதன் பிறகு வரவில்லை. வயிற்றுக் கிளம்பல் எப்போதாவது வருகிறது, வந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. குளிசை தொடர்கிறது. ஆட்களின் பெயர் முந்தியைப் போலச் சட்டென்று வருவதில்லை. இடது பக்கச் சத்திரசிகிச்சையில் அப்படி ஆகலாம் என்று முதலே சொல்லியிருந்தார்கள். வேலைத்தலத்தில் விவசாயிகளின் பெயர்களை எழுதி வைத்துக்கொள்கிறேன். வாவியில் தனியாகக் குளிக்க இறங்குவதில்லை. கிணற்றடியிலும் மனிசி கூட நிற்பாள். எல்லாருக்கும் இதே முடிவு வரும் என்று எண்ண வேண்டாம். என்னோடு அதே வாட்டில் இருந்த ஒரு தங்கச்சிக்கு எல்லாம் பார்த்துவிட்டு, வலிப்பு இரண்டு பக்கமும் தொடங்குகிறது, வெட்ட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவவின் தாய் அதைத் தோல்வி என்று எடுத்து அழுதா. வெட்டக்கூடாத இடத்தில் வெட்டாமல் விட்டதும் அந்தக் கம்பிகள் சொன்ன செய்திதான் என்று மச்சான் அவவிடம் போய்ச் சொன்னார். அவ கேட்டமாதிரித் தெரியவில்லை.

போக இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. வெளிக்கிடும் நாளில் சுருக்க அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். கரண்ட் பரிசோதனை அறிக்கை, எந்தக் கம்பி எங்கே என்ற படம், ஸ்கான் இறுவட்டு எல்லாவற்றுக்கும் பிரதி கேளுங்கள். மெல்லக் கேட்டால் பிறகு அனுப்புவோம் என்பார்கள், அங்கேயே நின்று வாங்குங்கள். குளிசையை எந்தக் கிழமை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை மருந்தின் உண்மைப் பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்குள்ள கொம்பனிப் பெயரை இங்கே பார்மசியில் சொன்னால் கையை விரிப்பார்கள். மட்டக்களப்புக் கிளினிக்கில் என்னுடைய கொப்பியைத் திறக்கிற டொக்டர் முதலில் பார்ப்பது அந்த மருந்துப் பக்கத்தைத்தான்.